கேன்டீன் அக்கா உப்புப் போடாமல் சமைத்த கதை

“ஊருக்கே ஆக்கிப் போடறேன். நான் பெத்தது மட்டும் என் கையால ஒரு வாய் வாங்க மாட்டேங்குது. இந்தக் கை இருந்தா என்ன, விறகா அடுப்புக்குள்ள போனா என்ன?”

பஸ் டிப்போ கேன்டீனில் அடுப்பு பற்றுகிறதோ இல்லையோ, இந்தப் புலம்பல் தினமும் காலையில் பற்றிக்கொள்ளும். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பதில் சொன்னவன் தட்டில் அன்றைக்கு மீன் தலையும் வாலும் மட்டும்தான் விழும். நடுவில் இருந்த மீன் எங்கே என்று கேட்கிற தைரியம் எந்த டிரைவருக்கும் கிடையாது.

அவளை எல்லோரும் கேன்டீன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட எத்தனையோ வயது மூத்த டிப்போ மேனேஜரும் அப்படித்தான். ஆள் குள்ளம், குரல் நெட்டை. பணிமனையில் நாலு பஸ் ஒன்றாக உறுமினாலும், “தட்டை எடுத்து வச்சிட்டுப் போடா, உங்க அம்மாவா வந்து எடுப்பா?” என்று அவள் போடும் சத்தம் கடைசி பஸ்ஸின் அடியில் படுத்திருக்கிறவர் காதில் விழும். அப்படிப் படுத்திருக்கிறவர் பெரும்பாலும் அவள் புருஷன். அந்த டிப்போவில் மெக்கானிக். வீட்டில் கேட்கிற குரலைவிட இது எவ்வளவோ தேவலை என்று படுத்தபடியே சிரிப்பார்.

கல்யாணமான புதிதில் அவள் அங்கே பாத்திரம் கழுவத்தான் போனாள். ஒரு நாள் சமையல்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குக் கரண்டியைப் பிடித்தவள்தான். இடுப்பு நேராகி அவர் திரும்பி வந்தபோது டிரைவர்கள் வாசலிலேயே மறித்து, “இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே, உடம்பு முக்கியம்” என்று பாசமாக அனுப்பிவிட்டார்கள். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை.

அவள் சமையலறையில் அளக்கிற சாமான் ஒன்றும் கிடையாது. உப்பு எவ்வளவு என்று கேட்டால், “கண்ணு எதுக்கு இருக்கு?” என்பாள். வெயில் நாளில் சூப்பில் புளிப்பைத் தூக்குவாள், மழை நாளில் மிளகைத் தூக்குவாள். யாராவது முகம் வாடி வந்தால் அவன் தட்டுக்கு மட்டும் தனியாக ஒரு தாளிப்பு நடக்கும். ஒரே கோழியை வாரம் முழுக்கச் செய்தாலும் ஒரு நாள் ருசி மறுநாள் இருக்காது. அதற்காகவே ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் உண்டு. எல்லாரும் அதைக் கைமணம் என்றார்கள். அவளும் நம்பினாள்.

அந்தக் கைமணத்தை மோந்து பார்த்துவிட்டு ஒற்றை விரலால் தட்டைத் தள்ளிவிடுகிற ஒரே ஜீவன் அவள் மகள். ஏழு வயது. டிப்போவில் அவளுக்குப் பெயர் ‘செக்கர்’. டிக்கெட் பரிசோதகர் பஸ்ஸில் ஏறினால் எப்படி ஒருத்தர் விடாமல் பார்ப்பாரோ, அப்படித்தான் தட்டில் விழுகிற ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, மோந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சந்தேகம் வந்தால் தீர்ந்தது, இறக்கிவிடுவாள்.

குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது கேன்டீன் அக்கா கேட்ட முதல் கேள்வி, “அதுக்கு என்ன சமைச்சுப் போடணும்?” என்பதுதான். டாக்டர் பொறுமைசாலி. இது நோய் இல்லை, மருந்து கொடுத்து மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை, பிள்ளை உலகத்தைப் பார்க்கிற விதமே வேறு, நமக்குச் சின்ன வாசனையாகத் தெரிவது அவளுக்குப் பெரிய வாசனை, சின்னச் சத்தம் பெரிய சத்தம், பழகினது பழகினபடியே இருந்தால்தான் அவளுக்கு நிம்மதி என்று விளக்கினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து புதிதாக ஒரு சூப் வைத்தாள்.

செக்கருக்குச் செல்லுபடியான சாப்பாடு நாலே நாலு. ஓரம் வெட்டிய பிரெட். மஞ்சள் பாக்கெட் பிஸ்கட். நீல டம்ளரில் ஆறின பால். அவித்த முட்டையின் வெள்ளை. நாலும் வெளுப்பு, நாலும் மொட்டை. சமையல்காரி வயிற்றில் பிறந்த பிள்ளைக்குச் சமைக்கவே தேவையில்லாத சாப்பாடு. இதைவிடப் பெரிய கேலியை யாரும் செய்ய முடியாது.

முட்டை போனது அக்காவாலேயே. ‘வெறும் முட்டையை எப்படித்தான் திங்கறாளோ’ என்று மனசு கேட்காமல், ஒரு நாள் மிளகுத்தூள் விரல் நுனியில் எடுத்து அதில் தூவிவிட்டாள். அவ்வளவுதான், முட்டைக்கு ஆயுசு முடிந்தது. பால் போனது நாத்தனாரால். மெக்கானிக்கின் மூத்த சகோதரி. நாலு தெரு தள்ளி இருக்கிறாள், ஆனால் நாற்பது மைல் தள்ளி நடக்கிற விஷயத்துக்கும் யோசனை வைத்திருப்பாள்.

“ஏம்மா, பிள்ளையைக் கெடுத்து வச்சிருக்கே. ரெண்டு நாள் பட்டினி போடு. பசிச்சா தானா திம்பா.”

“போட்டுப் பார்த்தாச்சு அண்ணி. நமக்குத்தான் பசி வந்துச்சு. அவ அசையல.”

“அதெப்படி அசையாம?”

“புலி பசிச்சாலும் புல்லைத் திங்காதாம். உங்க மருமக புலி.”

நாத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், கொண்டுவந்திருந்த சத்துப் பொடியை நீல டம்ளரில் போட்டுக் கலக்கிவிட்டாள். செக்கர் ஒரு முறை மோந்தாள். டம்ளரைக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் நிதானமாக வைத்தாள். டம்ளரோடு பாலும் அந்த வீட்டை விட்டுப் போனது.

மீந்தது பிரெட், பிஸ்கட். இரண்டு.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். டயட்டீஷியன் சின்னப் பெண், ஆனால் பேச்சில் சுற்றி வளைப்பு இல்லை.

“எடை இறங்கிட்டே இருக்கும்மா. அடுத்த தடவை வரும்போதும் இறங்கியிருந்தா அட்மிட் பண்ணி மூக்கு வழியா ட்யூப் போடற மாதிரி வரும். இன்னும் ஒரே ஒரு சாப்பாடு. ஒண்ணே ஒண்ணு போதும், எடையைப் பிடிச்சுப்போம்.”

“நான் ஒண்ணுக்கு நாப்பது செய்வேனே!”

“செய்யாதீங்க. ஒளிச்சு எதையும் கலக்காதீங்க. ஊட்டாதீங்க, கெஞ்சாதீங்க, மிரட்டாதீங்க. சாப்பாடு அவ பக்கத்துல இருக்கட்டும், அவளா எடுக்கட்டும். நீங்க அவ வாயைப் பார்க்காதீங்க.”

“பெத்தவ, பிள்ளை வாயைப் பார்க்காம வேற எதைப் பார்க்கிறது?”

“சுவரைப் பாருங்க” என்றாள் அந்தப் பெண்.

மூக்கு வழியாக ட்யூபா? பல் துலக்குகிற பிரஷ்ஷையே அருகில் விடாத பிள்ளை. அன்றிலிருந்து காலைப் புலம்பலில் சத்தம் குறைந்தது. டிரைவர்கள் பயந்துபோனார்கள். அக்கா கத்தாவிட்டால் ஏதோ பெரிய விஷயம்.

சொந்தக்காரர்கள் வீட்டுப் போக்குவரத்தும் ஏற்கெனவே நின்றிருந்தது. எங்கே போனாலும், “ஒரே ஒரு வாய், அத்தைக்காக,” “சித்திக்காக” என்று ஸ்பூனோடு துரத்துவார்கள். செக்கர் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அப்புறம் அவர்களுக்குக் கோபம், இவளுக்கு அழுகை, மெக்கானிக்குக்குக் கட்டிலைத் தூக்குகிற வேலை.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். செக்கர் கேன்டீனுக்கு வந்தாள். பஸ் சத்தத்துக்காக அவள் அப்பா பணிமனையில் போடுகிற காது மூடியில் ஒன்றை அவள் தலைக்குத் தகுந்த மாதிரி வளைத்துக் கொடுத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்த பால் கிரேட் ஒன்றின் மேல் உட்கார்ந்திருப்பாள். குழாயில் தண்ணீர் விழுவதைப் பார்ப்பதில் அவளுக்குச் சலிப்பே கிடையாது.

அந்தத் தொட்டி போல்ட்டின் ராஜ்யம். அவர்தான் இப்போது பாத்திரம் கழுவுகிறவர். அறுபதை நெருங்கிய மனிதர். போல்ட் செய்கிற பட்டறை ஒன்றில் காலமெல்லாம் உட்கார்ந்து, போல்ட் ஒவ்வொன்றையும் ஓட்டைத் தகட்டில் நுழைத்துப் பார்த்து, நுழைந்தால் இந்தப் பெட்டி, நுழையாவிட்டால் அந்தப் பெட்டி என்று போட்டவர். பட்டறை மூடியதும் இங்கே வந்தார். தட்டுகளைக்கூட ஒன்றின் மேல் ஒன்று பூப்போட்ட பக்கம் பூப்போட்ட பக்கத்துக்கு நேராக வருகிற மாதிரிதான் அடுக்குவார். பேச்சு சிக்கனம், சிரிப்பு அதைவிடச் சிக்கனம். ரத்தக்கொதிப்பு என்று உப்பும் எண்ணெயும் விட்டவர். அதனால் அக்கா சமையலைத் தொடாத இரண்டாவது ஆள் அவர். அந்தக் கோபம் அவளுக்கு எப்போதும் உண்டு.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் தன் சின்ன இரும்புச் சட்டியை எடுப்பார். உருளைக்கிழங்கைத் தோல் சீவி விரல் விரலாக வெட்டுவார். எண்ணெய் இல்லாமல் சட்டியில் பரப்பி, மூடி, ஒரு பக்கம் சிவந்ததும் எடுத்துத் தின்பார். தினமும் அதே. அக்கா அதை ஒரு தடவை வாயில் போட்டுப் பார்த்து, “சுவத்தை நக்கின மாதிரி இருக்குய்யா. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றிருக்கிறாள்.

அன்றைக்குப் போல்ட் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கிரேட்டிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு ஒரு துண்டை எடுத்தது. அப்புறம் இன்னொன்றை. இரண்டையும் தட்டு ஓரத்தில் சேர்த்து வைத்து நீளம் பார்த்தது. சரியாக இருந்தது. மூன்றாவதையும் வைத்துப் பார்த்தது. அதுவும் சரி. மோந்தது. கடித்தது.

பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. சூப் தட்டுக்குப் போகாமல் டிரைவர் கைக்குப் போனது.

“அக்கா! சூப்பு! என் கை!”

“கத்தாதடா. கை எங்கேயும் ஓடிடாது.”

போல்ட் முகத்தைச் சுளித்தார். “அக்கா, பாப்பா என் சாப்பாட்டை எடுக்குது.”

“எடுக்கட்டும்யா!”

“எனக்குப் பசிக்குமே.”

“உமக்கு நான் கோழி தரேன், மீன் தரேன், இந்தக் கேன்டீனையே எழுதித் தரேன். தட்டை அசைக்காம அப்படியே பிடிச்சிட்டு இரும்!”

செக்கர் ஐந்து துண்டு தின்றாள். ஆறாவது மற்றதைவிட ஓர் அரிசி அளவு கட்டை. அதைப் போல்ட்டிடமே திருப்பிக் கொடுத்தாள். போல்ட் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, “ஆமா, கட்டைதான்” என்று ஒப்புக்கொண்டார்.

அக்காவுக்கு முதலில் வந்தது அழுகை. அது காய்வதற்குள் வந்தது வயிற்றெரிச்சல். ஊரே கொண்டாடுகிற கை இங்கே இருக்க, பாத்திரம் கழுவுகிறவர் பொசுக்கிய கிழங்கா? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போகாததுமாக உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டாள். ‘அவர் செஞ்சதையே தின்னவ, நான் செஞ்சா விரலையும் சேர்த்துத் தின்னுவா’ என்று கணக்குப் போட்டாள். பொன்னிறமாக வந்தது. வாசனை தெருவுக்கே போனது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்ன அக்கா விசேஷம்?” என்று கேட்டாள். செக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

மெக்கானிக் அந்தக் கிழங்கு முழுவதையும் தின்று முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “ருசியா இருக்கு. அதுதான் கோளாறு.”

“என்ன சொல்றீங்க?”

“உன் கிழங்கு ஒண்ணு தடி, ஒண்ணு மெலிசு. ஒண்ணு கருப்பு, ஒண்ணு சிவப்பு. அவளுக்கு நேத்துப் பொருந்தின நட்டு இன்னைக்கும் பொருந்தணும். உன் கையில அது வராது.”

“ஓஹோ. பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு ரொம்பத்தான் படிச்சிட்டீங்க.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மறுநாள் காலையில் அவள் போல்ட்டிடம் போய் நின்ற தோரணையே வேறு. அதுவரை ‘யோவ்’. அன்றிலிருந்து ‘அண்ணே’.

“அண்ணே, பாப்பாவுக்கும் சேர்த்து ரெண்டு கிழங்கு போடுங்களேன்.”

போல்ட் உடனே மனமிளகிவிடவில்லை. “சட்டி சின்னது. ரெண்டு ஈடு போடணும். என் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும்.” பாத்திரத்தில் பாதியை அவளே கழுவுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சட்டி அடுப்பேறியது. அப்புறம் ஒழுங்காகத்தான் நடந்தது. தினமும் கிழங்கு, தினமும் அளவு பார்த்தல், தினமும் மெல்லுகிற சத்தம். அக்கா சுவரைப் பார்த்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். அந்தச் சுவரில் இருக்கிற எண்ணெய்க் கறைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அந்த மட்டில் விட்டிருந்தால் நல்ல பொம்பளை. விடவில்லை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ‘வெறும் கிழங்கில் என்ன சத்து இருக்கும், எடை ஏற வேண்டாமா, துளி வெண்ணெய் இருந்தால் எலும்பில் ஒட்டுமே’ என்று ஒரு நாள் முழுக்க மனசுக்குள் அரைத்தாள். மறுநாள் போல்ட் குப்பையைக் கொட்டப் போன நேரத்தில், ஓர் ஈயின் கால் அளவுதான், சட்டியில் தடவிவிட்டாள்.

செக்கர் முதல் துண்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நின்றாள். தட்டில் வைத்தாள். எழுந்து போய் சுவர் மூலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றாள். போல்ட் ஒன்றை எடுத்து மோந்தார். சட்டியை மோந்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“என் சட்டியில கை வச்சது யாரு?”

பஸ்ஸையே மிரட்டுகிற அக்கா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“துளிண்ணே. துளிதான்...”

“பாப்பா என்னை நம்பி எடுத்துச்சு. இப்ப நானும் திருடனாயிட்டேன்.”

அன்று சாயங்காலம் வீட்டில் செக்கர் மஞ்சள் பாக்கெட் பிஸ்கட்டையும் ஒவ்வொன்றாக மோந்து, உடைத்து, உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்றாள். பாதியைத் தின்னவே இல்லை. இரண்டாக இருந்தது ஒன்றரையாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்குத் தான் செய்த காரியத்தின் நீள அகலம் புரிந்தது. மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எப்போதும் போல அணைக்கப் போகாமல், கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்.

“வெண்ணெய் போட்டது அம்மாதான். உன்கிட்ட சொல்லாம போட்டேன். இனிமே போட மாட்டேன்.”

செக்கர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்து, “வெண்ணெய்,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “வெண்ணெய்.” தூங்கப் போகும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சட்டியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவளுடைய விரல் தோல் உரிந்தது. போல்ட் மூன்று தடவை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். நாலாவது தடவைதான் பாஸ். பழையபடி கிழங்கு போட்டார். செக்கர் தொடவில்லை. மறுநாளும் போட்டார். தொடவில்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. பள்ளி விட்டதும் நேராக டிப்போவுக்கு வருவாள், போல்ட் அவளுக்காக அடுப்பு மூட்டுவார், அவள் தண்ணீரைப் பார்ப்பாள், போல்ட் தனியே தின்பார். ஆஸ்பத்திரி போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா சமைத்த சாப்பாட்டில் உப்பு ஒரு நாள் இரண்டு தடவை விழுந்தது, ஒரு நாள் விழவே இல்லை. டிரைவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டுத் தட்டை அவர்களே எடுத்து வைத்தார்கள்.

ஒரு நாள், எந்த முகூர்த்தமோ தெரியாது, மறுபடியும் அந்தக் கை நீண்டது. ஒரு துண்டு. நுனி மட்டும். மறுநாள் முழுத் துண்டு.

இங்கேதான் போல்ட் குண்டு போட்டார். “அக்கா, எனக்கு குடலிறக்கம். டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திட்டாரு. ரெண்டு மாசம் வர முடியாது.”

“ஐயையோ, கிழங்கு?”

“என் குடலைப் பத்தி யாரும் கேக்கறதில்ல” என்றார் போல்ட்.

வேறு வழி? சமையல்காரி பாத்திரம் கழுவுகிறவரிடம் சமையல் கற்கத் தொடங்கினாள். பார்ப்பதற்கென்றே டிரைவர்கள் சீக்கிரம் வந்து பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

“தங்கச்சி, முதல்ல கையைக் கழுவு.” அதுவரை ‘அக்கா’ என்றவர் வாத்தியார் ஆனதும் ‘தங்கச்சி’க்கு இறங்கிவிட்டார். “மசாலா வாசனை வருது. இன்னொரு தடவை.”

கழுவினாள்.

“வெட்டு. இது தடி. இது கோணல். இது என்ன, கிழங்கா கோடாலிப் பிடியா?”

“கண்ணளவு அண்ணே.”

“உன் கண்ணு ஒரு நாளைக்கு ஒரு அளவு சொல்லுது. அது கண்ணா, வானிலை அறிக்கையா?”

பெஞ்சில் சிரிப்புக் கிளம்பியது. அக்கா கரண்டியைத் தூக்கியதும் அடங்கியது.

மெக்கானிக் பணிமனையில் ஒரு தகரத் துண்டை வெட்டி, ராவி, நடுவில் சதுர ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். ஓட்டையில் நுழைந்தால் செக்கருக்கு, நுழையாவிட்டால் சூப்புக்கு. கல்யாணமான இத்தனை வருஷத்தில் தன் வேலை சமையலறைக்கு உதவியது இதுதான் முதல் தடவை என்று அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

வெட்டுவது வந்துவிட்டது. சட்டிதான் வரவில்லை. அவள் கை சும்மா இருக்காது. குலுக்கும், கிளறும், மூடியைத் திறந்து பார்க்கும்.

“மூடியை ஏன் திறக்கறே?”

“எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?”

“கிழங்கு எங்கேயும் ஊருக்குப் போகல. உள்ளதான் இருக்கு. மூடு.”

கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கை எங்க போகுது?”

கை உப்புக் கிண்ணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது போவது அவளுக்கே தெரியவில்லை. “பழக்க தோஷம்ணே.” போல்ட் உப்புக் கிண்ணத்தை எடுத்து அலமாரி உச்சியில் வைத்தார். அன்றைக்கு மீதிச் சமையலுக்கு ஒவ்வொரு தடவையும் அவள் ஸ்டூல் போட்டு ஏறி இறங்கினாள். சூப்பில் உப்புக் குறைந்தது என்று யாரும் குறை சொல்லவில்லை, ஏறி இறங்குகிறதைப் பார்த்ததே வயிறு நிறைந்தது என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் போல்ட் அவள் செய்ததில் ஒரு துண்டைத் தின்று பார்த்தார். வெகு நேரம் மென்றார். “ம். ஒரு ருசியும் இல்ல. இப்படியே விடாம பிடிச்சுக்க” என்றார். அவர் வாழ்க்கையில் யாருக்கும் கொடுத்ததிலேயே பெரிய பாராட்டு அதுதான்.

மறுநாள் தொட்டி காலி. செக்கர் வந்து கிரேட்டில் உட்கார்ந்தாள். போல்ட் இல்லாத இடத்தைப் பார்த்தாள். கைகளை உதறினாள். அக்கா, “போல்ட் மாமா ஆஸ்பத்திரியில இருக்காரு. இன்னைக்குக் கிழங்கு அம்மா செய்யறேன். உப்பு இல்ல, வெண்ணெய் இல்ல. நீ வேணா பாரு” என்றாள்.

செக்கர் எழுந்து வந்து பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, காது மூடியைக் கழற்றாமல், கிழங்கு வெட்டுவதையும் ஓட்டையில் நுழைவதையும் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தாள். ஒன்று நுழையாமல் சிக்கியது. அதை அவளே எடுத்துச் சூப்புப் பாத்திரத்தில் போட்டாள். சட்டி ஏறியது, மூடி விழுந்தது. அக்காவின் வலது கை மூடிப் பக்கம் போனது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கிழங்கு சிவக்கிற வரைக்கும், கைது செய்த திருடனைப் பிடித்து நிற்கிற போலீஸ்காரர் மாதிரி தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.

போல்ட்டின் தட்டில் போட்டு, கிரேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

டிரைவர்களும் திரும்பிக்கொண்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் தட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த டிப்போ மேனேஜர், “என்னய்யா இது, யாருக்காவது...” என்று ஆரம்பித்து, யாரோ கையைக் காட்டியதும், காரணம் தெரியாமலே அவரும் சுவரைப் பார்த்து நின்றார்.

குழாய் சொட்டுகிற சத்தம். வெளியே ஒரு பஸ் ஸ்டார்ட் ஆகாமல் முனகுகிற சத்தம். அப்புறம் வறண்ட கிழங்கைக் கடிக்கிற சத்தம். அப்புறம் இன்னொன்று.

அக்கா திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து யாரோ தட்டால் அவள் இடுப்பில் முட்டினார்கள். வெறும் தட்டு.

“இன்னும்” என்றாள் செக்கர்.

இரண்டாவது ஈட்டில் மிஞ்சிய துண்டு ஒன்றை ஒரு கண்டக்டர் எடுத்து வாயில் போட்டு, “அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது ரொம்பக் கேவலமா இருக்கு” என்றான்.

“நிஜமாவா? போல்ட் அண்ணன் செஞ்ச மாதிரியேவா?”

“அச்சு அசல்.”

அவனுக்கு அன்றைக்கு மீனின் நடுத்துண்டு இரண்டு விழுந்தது.

ஆஸ்பத்திரியில் எடைமுள் இறங்கவில்லை. ஏறியது என்று மேளம் கொட்டுகிற அளவுக்கு இல்லை, ஆனால் ஏறியது. ட்யூப் பேச்சு நின்றது. டயட்டீஷியன் பெண், “என்னம்மா குடுத்தீங்க?” என்றாள். “உருளைக்கிழங்கு. என்னால முடிஞ்ச வரைக்கும் மோசமா செஞ்சேன்” என்றாள் அக்கா.

செக்கர் இப்போது எல்லாம் தின்கிறாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரெட், பிஸ்கட், கிழங்கு, மூன்றுதான். அதே ஓட்டையில் நுழைந்த கேரட் துண்டு ஒன்று தினமும் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவள் தொடுவதும் இல்லை, தள்ளுவதும் இல்லை. அது அவர்கள் இருவருக்கும் உள்ள வழக்கு, நடக்கட்டும். போல்ட் தையல் பிரித்துத் திரும்பி வந்து, அளவுத் தகரத்தின் ஓட்டை தேய்ந்திருக்கிறதா என்று பரிசோதித்தார்.

நாத்தனார் மட்டும் ஒரு நாள் வந்து, சத்துப் பொடி இல்லாமல், சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். போகும்போது செக்கர் அவள் கைப்பையின் ஜிப்பை நாலு தடவை திறந்து மூடினாள். அது அந்த வீட்டில் பெரிய மரியாதை. மற்ற சொந்தக்காரர்கள் இன்னும் வருவதில்லை. பிள்ளை சாப்பிடாத வீட்டில் என்ன பேசுவது என்று தெரியவில்லையாம்.

அதனால் நீங்களாவது ஒரு நடை போய் அவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். டிப்போவின் பின் கேட் வழியாகப் போனால் டயர் அடுக்கி வைத்திருக்கிற இடத்தைத் தாண்டி நீல ஷட்டர். பழம், சாக்லேட், பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். வெறுங்கையோடு போங்கள், அங்கே அதுதான் மரியாதை. பிள்ளையை, “ஒரு வாய் சாப்பிடேன்” என்று சொல்லாதீர்கள். அவள் தின்கிறபோது வேறு பக்கம் பாருங்கள், பார்க்க ஒன்றுமில்லை என்றால் அக்கா வாயைக் கிளறுங்கள், பொழுது போகும். ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் திறக்காது. மற்ற நாளில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு, சாயங்கால ஷிப்ட் கூட்டம் வருவதற்குள் போய்விடுங்கள். இல்லாவிட்டால் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.